செம்பும் பிளாட்டினமும்: தண்ணீரில் குளோரினை அளக்கும் கருவி பிறந்த கதை

நம் ஊர்களில் குழாய்த் தண்ணீரை முதலில் சோதிப்பது மூக்குதான். வாடை தூக்கலாக இருந்தால் “மருந்தை அள்ளிப் போட்டுட்டாங்க” என்போம். வாடையே இல்லாவிட்டால் “இன்னைக்கு மருந்தே போடலை” என்போம். இரண்டு தீர்ப்பும் தப்பாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. மூக்கைத் துளைக்கும் அந்த நெடி பல சமயம் தனிக் குளோரினுடையது அல்ல. தண்ணீரில் கிடந்த அம்மோனியாவோடும் அழுக்கோடும் ஒட்டிக்கொண்டு, பாதி பலம் போன குளோரினுடையது. அதாவது, நெடி அதிகம் என்பதற்கு மருந்து போதவில்லை என்றுகூட அர்த்தம் இருக்கலாம். மூக்கை நம்பமுடியாது என்று தெரிந்து கண்ணை நம்பினார்கள். கண்ணும் ஏமாற்றியபோதுதான் மின்சாரத்தைக் கூப்பிட்டார்கள்.

இந்தக் கதையைச் சொல்ல ராஜபாளையம் தோதான ஊர். ஊருக்கு மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், மலையடிவாரத்தில், நீர்காத்த அய்யனார் கோவில். கோவிலுக்குப் போக ஆற்றைக் கடக்கவேண்டும். மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும்; அக்கரையில் மாட்டிக்கொண்ட பக்தர்களைத் தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி இக்கரை சேர்ப்பது இந்தப் பக்கத்துச் செய்தித்தாள்களில் அவ்வப்போது வரும். சுற்றிலும் காடு. 1988இல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயம் ஆனது, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்தது. இந்த ஆற்றுத் தண்ணீர்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தேங்கி ராஜபாளையத்துக்குக் குடிநீர் ஆகிறது. தாமிரபரணித் தண்ணீர் வந்து சேர்ந்ததெல்லாம் பின்னால்.

மலைத் தண்ணீர் சுத்தமானது என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. கோடையில் பாறைக்குப் பாறை தெளிந்து வரும் தண்ணீருக்கு மருந்து கொஞ்சம் போதும். முதல் மழையில் காட்டுச் சருகெல்லாம் ஊறி, டீத்தண்ணீர் நிறத்தில் இறங்கும்போது அதே அளவு மருந்து நிமிடங்களில் காணாமல் போய்விடும். இலைச்சாறு குளோரினைத் தின்னும், மண் தின்னும், விலங்குக் கழிவிலிருந்து வரும் அம்மோனியா தின்னும். தின்றது போக எஞ்சுவதுதான் கிருமியைக் கொல்லும். குழாய் வழியாகக் கடைசி வீடுவரை துணைக்குப் போகும். இந்திய தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500, 2012ஆம் ஆண்டுத் திருத்தம்) அந்த மிச்சம் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்கவேண்டும் என்கிறது. வைரஸ் பயம் இருக்கும் காலத்தில் 0.5. ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டிக்கு ஒரு சின்னச் சிட்டிகை உப்பின் எடை அவ்வளவுதான். அதை எப்படி அளப்பது?

ஆரம்பத்தில் யாரும் அதை அளக்கவே இல்லை. எவ்வளவு போட்டோம் என்பதைத்தான் அளந்தார்கள். இந்திய மருத்துவப் பணியில் இருந்த வின்சென்ட் நெஸ்ஃபீல்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி 1903இல், அழுத்தித் திரவமாக்கிய குளோரினைக் கொண்டு குடிநீரைச் சுத்திகரிக்கும் யோசனையை வெளியிட்டார். காலராவில் படைகள் அழிந்த நாட்டில் வேலை பார்த்தவருக்கு அந்த யோசனை வந்ததில் ஆச்சரியமில்லை. 1905இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் டைபாய்டு பரவியபோது அலெக்சாண்டர் ஹூஸ்டன் ஊர்த் தண்ணீருக்குத் தொடர்ந்து ஹைப்போகுளோரைட் விட்டார். 1908 செப்டம்பர் 26 அன்று அமெரிக்காவின் ஜெர்சி சிட்டிக்குப் போகும் பூண்டன் நீர்த்தேக்கத்துத் தண்ணீரில் ஜான் லீல் என்ற மருத்துவர் பிளீச்சிங் பவுடர் கரைசலைக் கலக்கத் தொடங்கினார். இயந்திர அமைப்பை வடிவமைத்தவர் ஜார்ஜ் ஃபுல்லர். லீல் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தண்ணீரில் விஷம் கலக்கிறார் என்று வழக்கு மன்றத்தில் அவரைக் குடைந்தெடுத்தார்கள். இங்கெல்லாம் அளவு என்றால் உள்ளே விடும் கரைசலின் அளவுதான். தொட்டியின் மட்டத்தை ஒரே சீராக வைத்து, துளையின் வழியே இவ்வளவு வேகத்தில் இறக்கினால் இவ்வளவு மருந்து போகும் என்ற கணக்கு.

நம் கிராமத்துத் தண்ணீர்த்தொட்டி வேலையில் இன்றும் அதே கணக்குதான். ஆயிரம் லிட்டருக்கு இத்தனை கிராம் என்று ஒரு எண் இருக்கும். பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றுவார்கள். மூட்டை புதிதாக இருக்கும்போது அதில் நூற்றுக்கு 33 பங்குவரை குளோரின் இருக்கும். வாய் கட்டாமல் ஈரக்காற்றில் ஒரு மாதம் கிடந்த மூட்டையில் எவ்வளவு இருக்கும் என்பதைத் தராசு சொல்லாது.

முதல் உலகப்போரில் வில்லியம் ஹாராக்ஸ் என்ற ராணுவ மருத்துவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். எவ்வளவு போட்டாய் என்பதை விடு, எவ்வளவு மிச்சம் என்று பார். அவர் பெயரில் ஒரு பெட்டி இருக்கிறது. சுகாதார ஆய்வாளர் படிப்பு படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் வரிசையாக ஒப்பிப்பார்கள்: ஆறு வெள்ளைக் கோப்பை, ஒரு கறுப்புக் கோப்பை, மட்டமாக அள்ளினால் 2 கிராம் பிளீச்சிங் பவுடர் பிடிக்கும் கரண்டி, கண்ணாடிக் குச்சிகள், சொட்டுக்குழாய், ஸ்டார்ச்–அயோடைடு கரைசல். கறுப்புக் கோப்பையில் பவுடரைக் கரைக்கவேண்டும். வெள்ளைக் கோப்பைகளில் சோதிக்கவேண்டிய தண்ணீரை நிரப்பி, முதல் கோப்பையில் ஒரு சொட்டு, இரண்டாவதில் இரண்டு, இப்படி ஆறுவரை. அரை மணி நேரம் காத்திருக்கவேண்டும். பிறகு ஸ்டார்ச் கரைசலை விட்டால் குளோரின் மிஞ்சிய கோப்பைகள் நீலமாகும். நீலம் தெரியும் முதல் கோப்பை மூன்றாவது என்றால், 455 லிட்டருக்கு மூன்று கரண்டி, அதாவது 6 கிராம். தண்ணீர் எவ்வளவு தின்கிறது, மூட்டையில் பலம் எவ்வளவு இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே சோதனையில் பதில். போர்முனையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் செய்யக்கூடிய சோதனை இது. எனக்குத் தெரிந்து பொதுச் சுகாதாரத்தில் இதைவிடப் புத்திசாலித்தனமான பெட்டி வேறில்லை. அரை மணி நேரக் காத்திருப்பு ஒன்றுதான் குறை. அதற்குள் ஓடும் தண்ணீர் ஓடிவிடும்.

போருக்கு முந்தைய ஆண்டிலேயே, 1913இல், நம் கதாநாயகனான மின்கருவி பிறந்துவிட்டது. ஒரே ஆண்டில் இரண்டு பிள்ளைகள். அமெரிக்காவில் எல்ம்ஸ், ஹவுசர் என்ற இருவர் ஆர்த்தோடாலிடின் என்ற கரைசலைச் சொட்டினால் குளோரின் இருக்கும் தண்ணீர் மஞ்சளாவதையும், மஞ்சளின் அடர்த்தியை வைத்து அளவு சொல்லமுடியும் என்பதையும் நிறுவினார்கள். இங்கிலாந்தில் எரிக் ரைடீல், யூலிக் எவான்ஸ் என்ற இரு இளைஞர்கள், இருபத்தைந்து வயதைத் தாண்டாதவர்கள், ‘தி அனலிஸ்ட்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆக்சிஜனேற்றிகளுக்கான மின்வேதிக் காட்டி என்பது அதன் பொருள். செம்பும் பிளாட்டினமும் ஒரே தண்ணீரில் நிற்கும். வெளியே கம்பியால் இரண்டையும் கால்வனாமீட்டரில் இணைத்திருக்கும். தண்ணீரில் குளோரின் இல்லாவிட்டால் முள் ஏறக்குறைய அசையாது. குளோரின் வந்தால் முள் நகரும்.

உள்ளே நடப்பது இதுதான். குளோரினுக்கு எலக்ட்ரான் என்றால் அடங்காத பசி. பிளாட்டினத்தின் மேல் வந்து மோதும் குளோரின் இரண்டு எலக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொண்டு சாதாரண குளோரைடாக, நம் சமையல் உப்பில் இருக்கும் அதே குளோரைடாக, அடங்கிப்போகும். பிளாட்டினம் தன் கையிலிருந்து கொடுக்காது. கம்பியின் மறுமுனையில் செம்பு கரைந்து அந்த எலக்ட்ரான்களை அனுப்பும். எத்தனை குளோரின் வந்து மோதுகிறதோ அத்தனை எலக்ட்ரான் கம்பியில் ஓடவேண்டும். எண்ணிவிட்டால் குளோரினை எண்ணியதாகிவிட்டது. ஃபாரடே 1830களில் வகுத்த விதிக்கு இது நேரடியான பயன்பாடு. நினைத்துப் பார்த்தால், இரும்பு துருப்பிடிப்பதும் இதே வகை வேலைதான்: ஒரு உலோகம் கரைகிறது, வேறொன்று எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது. அந்த யூலிக் எவான்ஸ் பிற்காலத்தில் கேம்பிரிட்ஜில் உட்கார்ந்து உலோக அரிமான ஆராய்ச்சிக்கே தந்தை என்று பெயர் வாங்கினார். ரைடீலும் பரப்பு வேதியியலில் பெரிய ஆள் ஆனார். குடிநீர்க் கருவி இருவருக்குமே இளம்வயதுக் கைவேலையாக நின்றுவிட்டது.

இரண்டு பிள்ளைகளில் வண்ணம் ஜெயித்தது. ஒரு பாட்டில் கரைசலும் ஒரு கண்ணாடிக் குழாயும் இருந்தால் போதும் என்றபோது கால்வனாமீட்டரைத் தூக்கிக்கொண்டு யார் அலைவது? செம்பின் மேல் படலம் படியும், அளவு மாறும். தண்ணீரின் வேகம் மாறினால் முள் மாறும். ஆர்த்தோடாலிடின் உலகம் சுற்றி வந்தது. நம் ஊரில் குளோரோஸ்கோப் என்ற பெயரில் சின்னப் பெட்டியாகச் சுகாதாரப் பணியாளர் பையில் ஏறியது. அந்த மஞ்சளைத் தெருக்குழாயடியில் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது.

வண்ணத்துக்குச் சோதனை 1939இல் வந்தது. கிரிஃபின் என்ற அமெரிக்கப் பொறியாளர், அம்மோனியா கலந்த தண்ணீரில் குளோரினைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு விநோதம் நடப்பதைக் காட்டினார். மிச்சம் முதலில் ஏறுகிறது. பிறகு, போடப்போட இறங்குகிறது. ஒரு பள்ளத்தைத் தொட்டபின் மறுபடி நேராக ஏறுகிறது. முதல் ஏற்றத்தில் இருப்பது அம்மோனியாவோடு சேர்ந்த குளோரமின். கிருமியைக் கொல்லும், ஆனால் மெதுவாக. பள்ளத்துக்குப் பிறகு வருவதுதான் தனிக் குளோரின். ஆகவே மிச்சம் எவ்வளவு என்று கேட்டால் போதாது, எந்த மிச்சம் என்று கேட்கவேண்டும். ஆர்த்தோடாலிடினுக்கு இந்த வித்தியாசம் சரியாகத் தெரியாது. சொட்டியதும் பத்து விநாடிக்குள் பார்த்தால் தனிக் குளோரின், கால் மணி கழித்துப் பார்த்தால் எல்லாம் சேர்த்து என்று ஒரு ஒட்டுப்போட்ட ஏற்பாடு. பத்து விநாடி என்பது மூடியைப் போட்டுக் குலுக்கி வெளிச்சத்துக்கு நேரே தூக்குவதற்குள் போய்விடும். அந்தக் கரைசல் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற சந்தேகமும் பின்னால் சேர்ந்துகொண்டது.

தூங்கிய பிள்ளை அப்போதுதான் எழுந்தது. 1942இல் மார்க்ஸ், கிளாஸ் என்ற இருவர் மின்னோட்டத்தைக் கொண்டு குளோரினைத் தரம் பார்க்கும் முறையை வெளியிட்டார்கள். இரண்டு மின்முனைகள், ஒரு மைக்ரோ அம்மீட்டர். தண்ணீரில் குளோரினை அழிக்கும் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட, முள் படிப்படியாக இறங்கும். ஒரு சொட்டுக்குப் பிறகு இறங்குவது நின்றுவிடும். அதுதான் முடிவு. தண்ணீரின் பி.எச். அளவை, அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண்ணை, 7இல் வைத்தால் தனிக் குளோரின் மட்டும் கணக்கில் வரும். 4க்கு இறக்கி அயோடைடு சேர்த்தால் குளோரமினும் வந்துவிடும். வண்ணம் பார்க்கும் கண் தேவையில்லை, கலங்கல் தண்ணீரானாலும் கவலையில்லை. நீண்ட காலம் ஆய்வகங்களில் இதுவே உரைகல்.

ஆனால் இதற்கும் ஒருவர் கூடவே நிற்கவேண்டும். ஓடும் தண்ணீரில் தானாக நின்று அளப்பதற்கு, மின்முனையைத் தண்ணீர் நேரடியாகத் தொடாமல் காக்கும் ஒரு திரை தேவைப்பட்டது. அது வந்தது குடிநீர்த் துறையிலிருந்து அல்ல, அறுவை சிகிச்சைக் கூடத்திலிருந்து. ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்க வழி தேடிய லேலண்ட் கிளார்க், பிளாட்டின முனைக்கும் ரத்தத்துக்கும் நடுவில் பாலித்தீன் படலம் ஒன்றை இழுத்துக் கட்டினார். 1956இல் அதை வெளியிட்டார். படலம் ஆக்சிஜனை விடும், ரத்தத்தின் மற்ற சாமான்களை விடாது. படலத்துக்கு உள்ளே கருவிக்குச் சொந்தமான உப்புக்கரைசல். வீட்டில் சர்க்கரை பார்க்கும் சின்ன மீட்டர் இருக்கிறதே, அதன் பாட்டனும் இந்த கிளார்க்தான். ஆக்சிஜனுக்குப் பதில் குளோரின் என்று மாற்றிய திரைபோட்ட மின்முனைகள் 1970களில் அமெரிக்கக் குடிநீர் ஆய்விதழ்களில் வரத் தொடங்கின. இன்றைக்குச் சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி இந்தக் குடும்பம்: முனையில் தங்கம் அல்லது பிளாட்டினம், எதிரே வெள்ளி, நடுவில் பொட்டாசியம் குளோரைடு கரைசல், மேலே டெஃப்லான் போன்ற மெல்லிய படலம், ஒரு குச்சியளவு. ஓடும் மின்சாரம் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதிலும் குறைவு.

இந்தப் படலம் ஒரு தந்திரம் செய்கிறது. குளோரின் தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம், மின்னேற்றம் இல்லாதது. படலத்தைத் தாண்டி உள்ளே நுழைந்துவிடும். இன்னொன்று ஹைப்போகுளோரைட் அயனி, மின்னேற்றம் உள்ளது, வாசலில் நின்றுவிடும். பி.எச். 7.5இல் இரண்டும் பாதிக்குப் பாதி. 6.5இல் பத்தில் ஒன்பது பங்கு அமிலம், 8.5இல் பத்தில் ஒன்பது பங்கு அயனி. பி.எச். ஏறினால் கருவி குறைத்துக் காட்டும். ‘சென்சார் கெட்டுப்போச்சு’ என்று அதைத் திட்டுவது வழக்கம். எனக்கு அந்தத் திட்டு அநியாயமாகப் படுகிறது. கிருமியைக் கொல்வதில் அமில வடிவம் அயனியைவிடப் பல பத்து மடங்கு வலியது. கருவி தண்ணீரில் உள்ள கொலைத்திறனைச் சொல்கிறது. நாம் கேட்பது மொத்தச் சரக்கின் கணக்கை. கூடவே ஒரு பி.எச். மீட்டரை வைத்து இரண்டையும் கூட்டிக் கணக்குப் போட்டால் நாம் கேட்ட பதிலும் வந்துவிடும். பெரும்பாலான கருவிகளில் அப்படித்தான் செய்கிறார்கள்.

அய்யனார் கோவில் ஆற்றுக்கும் இந்தப் படலத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. ரைடீல்–எவான்ஸ் வழிவந்த திரையில்லா மின்முனைகளுக்குத் தண்ணீரே மின்பாதை. தண்ணீரில் உப்பு இருந்தால்தான் மின்சாரம் தாராளமாக ஓடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாறைமேல் ஓடிவரும் மென்தண்ணீரில் கரைந்த உப்பு கொஞ்சம்தான். மழைக்கும் கோடைக்கும் அந்தக் கொஞ்சமும் மாறும். அதே குளோரினுக்கு இன்றைக்கு ஒரு எண், அடுத்த மாதம் ஒரு எண். திரைபோட்டவனுக்கு இந்தக் கவலை இல்லை. உப்பைச் சொந்தமாகக் கையில் வைத்திருக்கிறான். கடல் நீரிலும் நீச்சல் குளத்திலும் எளிதாக வேலை செய்யும் ஒரு கருவி, குடிக்கிற நன்னீரில் தடுமாறுவதற்கு இதுவே முக்கியமான காரணங்களில் ஒன்று.

மின்வேதியியல் என்றால் நமக்குத் தூர தேசத்து விஷயமும் அல்ல. ராஜபாளையத்திலிருந்து வடகிழக்கே காரைக்குடியில் சிக்ரி இருக்கிறது, மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14, பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிக் குளோரின் எடுக்கும் தொழிலுக்கான டைட்டானிய மின்முனைகளை உருவாக்கியதில் அந்த நிறுவனத்துக்குப் பெயர் உண்டு. அரிமானம் அங்கே தனிப் பெரிய துறை; மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை உப்புக்காற்றில் காயப்போட்டு ஆண்டுக்கணக்கில் பார்த்தவர்கள். குளோரின் சென்சார் செய்வது அந்தக் குளோரின் எடுக்கும் வேலையைத் தலைகீழாக்குவது. அங்கே மின்சாரத்தைக் கொடுத்துக் குளோரைடிலிருந்து குளோரின் எடுக்கிறோம். இங்கே குளோரினைக் குளோரைடாக்கி மின்சாரத்தைப் பெறுகிறோம்.

2019இல் ஜல் ஜீவன் திட்டம் தொடங்கியபின் நாட்டில் சென்சார் பேச்சு சூடுபிடித்தது. 2020–21 வாக்கில் உத்தராகண்ட், ராஜஸ்தான், குஜராத், மகாராஷ்டிரம், இமாசலப் பிரதேசம் ஆகிய ஐந்து மாநிலங்களில் டாடா அறக்கட்டளைகள் சில கிராமங்களில் இணையத்தோடு இணைந்த அளவிகளைப் பொருத்திப் பார்த்தன. எஞ்சிய குளோரினும் அளவுகளில் ஒன்று. கணினித் திரையில் எண் ஓடுவதைப் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இந்தக் குச்சிக்கு நம் குழாய் முறை ஒத்துவருமா என்பதில்தான் சிக்கல். திரைபோட்ட மின்முனைக்கு மணிக்கு முப்பது லிட்டர்போலச் சீரான ஓட்டம் வேண்டும். ஐரோப்பியக் குழாயில் இரவுபகல் தண்ணீர் நிற்காது. நம் தெருவில் சில நாளைக்கு ஒருமுறை, சில மணி நேரம். மீதி நேரம் குழாய் காலி. படலம் காயும், அடுத்த முறை தண்ணீர் வரும்போது முன்னால் காற்றுக்குமிழ் வந்து முனையில் ஒட்டிக்கொள்ளும், குளோரின் வாசமே படாமல் கிடந்த முனையில் பாசி பிடிக்கும். தண்ணீரில் இரும்பு இருந்தால் காவிக்கறை. அதனால்தான் இதைச் சுத்திகரிப்பு நிலையத்திலும் மேல்நிலைத் தொட்டியின் வாயிலும் வைக்கிறார்கள், அங்கே தண்ணீர் எப்போதும் இருக்கும். ஆனால் தர நிர்ணயம் கேட்கும் 0.2 மில்லிகிராம் கடைசிக் குழாயில். நிலையத்தில் 1 என்று காட்டியது கடைசித் தெருவில் எவ்வளவாகிறது என்பதற்கு இன்னமும் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டியிருக்கிறது.

அந்தப் பையில் இருப்பது டி.பி.டி. மாத்திரை. 1957இல் இங்கிலாந்தின் பேலின் கண்டுபிடித்தது. தனிக் குளோரினைக் கண்டால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். குளோரமினுக்கு அயோடைடு சேர்த்த தனி மாத்திரை. ஆர்த்தோடாலிடினின் பெரிய குறை தீர்ந்தது. மின்முனை வந்துவிட்டால் வண்ணத்துக்கு வேலை போய்விடும் என்று தோன்றும். நடப்பது வேறு. மின்முனை காட்டும் மைக்ரோ ஆம்பியருக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்லிக்கொடுப்பதே அந்த மாத்திரைதான். ஓடும் தண்ணீரில் ஒரு குப்பி பிடித்து, மாத்திரையை நசுக்கிப் போட்டு, வண்ணத்தை அளந்து, அந்த எண்ணைக் கருவியில் ஏற்றவேண்டும். வாரத்துக்கு ஒருமுறையோ, மாதத்துக்கு ஒருமுறையோ, தண்ணீரின் குணத்தைப் பொறுத்து. வித்தியாசம் அதிகமானால் மூடியைத் திருகிக் கழற்றி, பழைய கரைசலைக் கொட்டி, புதுக் கரைசலைக் குமிழ் இல்லாமல் நிரப்பி, படலத்தை மாற்றி, மறுபடி சில மணி நேரம் மின்சாரத்தில் பழகவிட்டுப் பிறகு அளக்கவேண்டும். கருவி வாங்கும்போது விலைப்பட்டியலில் குச்சியின் விலை இருக்கும். படலமும் கரைசலும் மாத்திரையும் ஆண்டுதோறும் வாங்கவேண்டியவை, அவற்றை மாற்றத் தெரிந்த ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுக்கவேண்டும். மதிப்பீடு போடும்போதே இந்த வரிகளையும் சேர்த்துப் போடாத இடத்தில் கருவியைப் பொருத்துவதைவிட ஹாராக்ஸ் பெட்டியை வாங்கி வைப்பது மேல்.